அடிவரிசைப் பழுப்பு

ஆய்வகத்தில் அவளுக்குக் குக்கர் அக்கா என்று பெயர். சமையலுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அவள் சமைத்ததை அவள் கணவரே ஒருநாளும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டதில்லை. கட்டிகளிலிருந்து வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிய தாளாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. சாயம் பிடிக்க, ஸ்லைடுகளை முதலில் ஒரு திரவத்தில் போட்டு, ஆவி அழுத்தத்தில் கொதிக்கவிட வேண்டும். அதற்கென்றே இயந்திரம் உண்டு. அவள் ஆய்வகத்துக்கு அது வாய்க்கவில்லை. பாத்திரக் கடைக் குக்கரை வைத்தே இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டாள்.

போன வருடம் ஆராய்ச்சி டாக்டரம்மா உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கையில் எடுத்தார். நரம்பு வளர உதவும் புரதம் ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உணவுக்குழாயிலும் உண்டு. கட்டியில் அவை மிகுதியாக இருந்தால் நோய் முரட்டுத்தனமாகப் போகுமோ என்பது அவருடைய சந்தேகம். சாயம் ஏற்றினால் ஏற்பி இருக்கிற இடம் பழுப்பாகத் தெரியும், மற்றதெல்லாம் நீலம். இது வெறும் சந்தேகம்தான், இதை வைத்து யாருக்கும் வைத்தியம் முடிவுசெய்யக் கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். அக்காவும் தலையை ஆட்டினாள்.

பிறகு அவள் தம்பிக்கே சோறு தொண்டையில் இறங்காமல் போயிற்று. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், ஊசி என்றாலே ஓட்டம் பிடிப்பவன். கட்டி என்றார்கள், ஆபரேஷன் என்றார்கள். சோதனைக்குக் கிள்ளியெடுத்த அவன் சதையிலும் ஒரு துணுக்கு, அவன் சம்மதத்தோடு, ஆய்வுக்கு வந்தது. ஸ்லைடில் பெயர் இருக்காது, எண்தான். ஆனால் அந்த எண்ணை எழுதியதே அக்காதானே.

சாயம் ஏற்றிப் பார்த்தாள். கட்டியில் ஒரு பொட்டுப் பழுப்பில்லை. தலைகால் புரியாமல் அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போய், "உனக்கு அந்த முரட்டு வகை இல்லைடா" என்று சொல்லிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தம்பி அதையே பிடித்துக்கொண்டான். "அப்புறம் எதுக்குக்கா நெஞ்சைப் பிளக்கணும்? மாத்திரையில போகாதா?" ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வியாழனுக்குள் கையெழுத்து இல்லையென்றால் அந்தத் தேதி வேறொருவருக்கு. அடுத்தது இரண்டு மாதம் தள்ளித்தான். இரண்டு மாதம் அந்தக் கட்டி சும்மா இருக்குமா?

திங்கட்கிழமை குக்கர் மூடியின் ஓரத்தில் ஆவி புஸ்ஸென்று கசிந்தது. ரப்பர் வளையத்தைக் கழற்றினாள். ஒரு பக்கம் வெடிப்பு, அதுவும் பழைய வெடிப்பு. அவளுக்குத் திக்கென்றது. தம்பியின் ஸ்லைடை ஓடிப்போய் எடுத்தாள்.

நல்ல உணவுக்குழாயிலும், உள்தோலின் அடிவரிசையில் இந்த ஏற்பி இருக்கும். சாயம் ஒழுங்காக ஏறினால் அந்த வரிசையாவது பழுப்பாகியே தீரும். எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. தம்பியின் ஸ்லைடு ஓரத்தில் கொஞ்சம் நல்ல தோல் இருந்தது; அதன் அடிவரிசையும் வெறும் நீலம். அன்று போட்ட பன்னிரண்டு ஸ்லைடும் அப்படித்தான். அழுத்தம் ஏறவில்லை, சாயம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். முதல்முறை பார்த்தபோது அவள் கண் அடிவரிசைப் பக்கம் போகவேயில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள், தம்பியிடம் உளறியது உட்பட. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. "வளையத்தை மாத்திட்டுப் பன்னிரண்டையும் திரும்பப் போடுங்க. உங்க தம்பியோடதை மட்டும் நீங்க பாக்காதீங்க" என்றார்.

புதன்கிழமை ஸ்லைடுகள் தயாராயின. பதினொன்றைத் தட்டில் அடுக்கினாள். பன்னிரண்டாவதை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அடிவரிசை அழகாகப் பழுப்பேறியிருந்தது. கட்டியும் ஓரம் விடாமல் பழுப்பேறியிருந்தது.

வியாழன் காலை தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கிக்கொண்டிருந்தான்.

"நான் சொன்னது தப்புடா. குக்கர் வளையம் போயிருந்திருக்கு, சாயமே ஏறலை. அதை நம்பி உக்காராதே. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுடு."

"திரும்பப் போட்டியா?"

"போட்டேன்."

"என்ன வந்துச்சு?"

"நான் பாக்கலை. டாக்டரம்மா பாக்கக் கூடாதுன்னுட்டாங்க."

தம்பி ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

"நீயாவது, பாக்காம இருக்கிறதாவது" என்றான். கஞ்சியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "பேனா இருக்கா?" என்று கேட்டான்.