இஷ்பெலின் சாவிக்கொத்து

கிரீனக் ஊரின் மேட்டுத் தெருக்களில் வீடு வீடாகப் போய், வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரை கொடுத்துவிட்டு வருவது இஷ்பெல் கெர்ரின் வேலை. யாரையும் லேசில் நம்பமாட்டாள். கடைக்காரர் சிரித்தால் பால் புட்டியைத் திருப்பித் தேதி பார்ப்பாள். இன்று வெயில் என்று ரேடியோ சொன்னால் மழைக்கோட்டை எடுப்பாள். எப்போதும் மழை பெய்யும் அந்த ஊரில் அதைச் சந்தேகம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அவளைத்தான் அலுவலகம் ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டது. பழைய கொடுமைகளைச் சுமந்துகொண்டு வாழ்கிறவர்களிடம் பராமரிப்பு ஊழியர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பயிற்சி. மதியச் சாப்பாடு இலவசம். இலவசம் என்றதுமே அவள் உஷாரானாள்.

"போன தடவ சாண்ட்விச் போட்டாங்க. மறு வாரமே ரோசினாவ வீட்டுக்கு அனுப்பிட்டாங்க," என்றாள் கூட வேலை பார்க்கும் ரேனாவிடம்.

"அவ ஓய்வு வாங்கிட்டுப் போனாடி."

"வாங்கினாளா, வாங்க வச்சாங்களா?"

"உனக்குச் சொர்க்கத்துல எடம் குடுத்தாலும் வாடக எவ்வளவுன்னு கேப்ப."

ஆனால் இஷ்பெல் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மேட்டு உச்சியில் தனியாக இருக்கும் மிசஸ் மெக்கெல்வி, கொஞ்ச நாளாக இவள் வருவது தெரிந்தாலே படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குளியல் இல்லை, மாத்திரை இல்லை. அந்தப் பக்கம் அனுப்ப வேறு ஆளும் இல்லை. இன்னும் ஒருமுறை இப்படி நடந்தால் கிழவியை முதியோர் இல்லத்துக்கு மாற்றுவதுதான் வழி என்று மேற்பார்வையாளர் லோர்னா சொல்லிவிட்டாள். "இன்னொரு தடவ என்னை இல்லத்துல போட்டா நான் செத்துருவேன்" என்று மிசஸ் மெக்கெல்வி எப்போதோ சொன்னது இஷ்பெலின் காதிலேயே நின்றது. அந்த 'இன்னொரு தடவ' என்ன என்று அவள் கேட்டதில்லை. தன்னைத் திருடி என்று கிழவி நினைக்கிறாள், லோர்னா அதை நம்பிவிட்டாள், பயிற்சி என்பது வெளியே தள்ளுவதற்கு ஒரு சாக்கு. இதுதான் அவள் போட்ட கணக்கு. நினைக்க நினைக்க அழுகையாக வந்தது.

அன்று பயிற்சி கொடுக்க வந்த கிர்ஸ்டீன் முதலிலேயே, "கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தட்டுமா? எங்க வேணா உக்காருங்க. நடுவுல எந்திரிச்சுப் போகணும்னாலும் போகலாம்," என்றாள்.

'எழுந்து போனவளைத்தான் குறித்துக்கொள்வாள்' என்று இஷ்பெல் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் சொந்தக் கதை சொல்ல வேண்டாம்," என்றாள் கிர்ஸ்டீன். இஷ்பெலுக்கு ஏமாற்றமாகவே போயிற்று. எதைக் கேட்டாலும் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

சாண்ட்விச்சையும் அவள் தொடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கிர்ஸ்டீன் கேட்டாள்: "உங்க மூஞ்சி தெரியறதுக்கு முன்னாடி, உங்ககிட்டேருந்து என்ன சத்தம் அவங்களுக்குப் போகுது? அத மட்டும் யோசிங்க."

இஷ்பெலின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

மிசஸ் மெக்கெல்வி வீட்டு வாசல் சுவரில் எண்பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி, அதற்குள் வீட்டுச் சாவி. எடுத்துத் திறந்து, "நான்தான்" என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே போவதுதான் அங்கே எல்லாப் பராமரிப்பாளர்களின் வழக்கம். கிழவி திடுக்கிடக் கூடாதே என்று கோடையிலிருந்து இஷ்பெல் இன்னொன்றும் செய்துவந்தாள். கழுத்துப் பட்டையில் தொங்கும் தன் சாவிக்கொத்தை நடைபாதை நெடுகக் குலுக்கிக்கொண்டு போவாள். அந்த மரியாதை வேறு யாருக்கும் தெரியாது என்று அவளுக்குப் பெருமை வேறு.

மறுநாள் காலை சாவிக்கொத்தைக் கம்பளிக் கையுறைக்குள் திணித்துப் பையின் அடியில் போட்டாள். பெட்டியைத் திறக்கவில்லை. மணியை அடித்துவிட்டு மழையில் நின்றாள்.

"யாரு?"

"இஷ்பெல். உள்ள வரட்டுமா?"

"எதுக்குக் கேக்குற? யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நேத்து ஒரு பயிற்சி."

"என்னத்தப் பயிற்சி. கூட எத்தன பேரு நிக்கிறாங்க?"

"நான் மட்டும்தான் மிசஸ் மெக்கெல்வி. நனைஞ்சுக்கிட்டு."

"சாவி எங்க?"

"பையில. கையுறைக்குள்ள."

கிழவி ஊன்றி நடக்கும் சட்டம் தரையில் தட்டித் தட்டி வந்தது. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. கிழவியின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் முதலில் இஷ்பெலின் கழுத்தைத்தான் பார்த்தது.

"சின்ன வயசுல என்னப் போட்டிருந்த பிள்ளைங்க இல்லத்துல," என்றார், "மேட்ரன் வரதுக்கு முன்னாடி சாவிச் சத்தம் வரும். யார் கட்டில்கிட்ட நிக்கும்னு போர்வைக்குள்ள படுத்துக் கேட்டுக்கிட்டு இருப்போம்."

இஷ்பெல் தன் கொத்தைக் கோடையிலிருந்து தினமும் குலுக்கியிருக்கிறாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

"நீ கேக்கல."

சங்கிலி இடுக்கு வழியாக ஒரு கை நீண்டது. "பெட்டிச் சாவியக் குடு. அது என்கிட்ட இருக்கட்டும். நாளைலேருந்து நான் திறக்குறேன்."

விதிப்படி கொடுக்கக் கூடாது. கிழவி உள்ளே விழுந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்கும். லோர்னாவிடம் என்ன சொல்வது? இதுவே வலையாக இருந்தால்? இஷ்பெல் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

சரி, ஏமாந்தாயிற்று, வேலையும் போயிற்று என்று அவள் நின்றாள். உள்ளே சங்கிலி கழன்று விழுந்தது. மிசஸ் மெக்கெல்வி கதவை முழுசாகத் திறந்து, சட்டத்தோடு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

"வா. தண்ணி சூடாகட்டும். குளியலறைக் கதவ மட்டும் சாத்தாத."