வேகத்தடையில் நின்ற ஆட்டோ

ஏழாம் மாதத்தில், ஒரு காலைத் தூக்கி வைத்தாலே இடுப்பெலும்பு முன்பக்கம் பிளந்துவிடும்போல் வலித்தது. "நட, அப்பதான் சுகப்பிரசவம் ஆகும்" என்றார் மாமியார். செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப்போன ஆட்டோக்காரர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

பாதி நரைத்த மீசை. காக்கிச் சட்டையில் மேல் பித்தான் இருக்காது. நான் வந்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பலகையை எடுத்துத் தரையில் போடுவார். "மொதல்ல ஒக்காரும்மா. அப்பால ரெண்டு காலையும் ஒண்ணா உள்ள இழுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேகத்தடை வந்தால் வண்டி ஏறக்குறைய நின்றேவிடும். பின்னால் வருபவர்கள் திட்டுவார்கள், காதில் வாங்கமாட்டார்.

ஒருநாள் கேட்டேன்: "இதெல்லாம் எப்படி அண்ணா தெரியும்?"

"என் வூட்டுக்காரிக்கும் இதே வலிதாம்மா. வேலைக்கு டிமிக்கி குடுக்குறான்னு நெனச்சேன். குனிஞ்சு வூட்ட தொடைக்க வச்சேன். வளைகாப்பு முடிஞ்சு அம்மா வூட்டுக்குப் போனவ, திரும்பி வரல. கொயந்த மொகத்தகூட காட்டல."

"போய்க் கூப்பிடலையா?"

"போனேன். கதவத் தொறக்கல. அவமேல தப்பில்லம்மா."

மகளுக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடப் போனபோதும் அவர் வண்டிதான். எனக்கு வலி விட்டிருந்தது. ஆனாலும் பலகையைப் போட்டார்.

"நான் ஏறுறவரைக்கும் பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்கண்ணா" என்று நீட்டினேன்.

கைகளைச் சட்டையில் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசிவரை அந்தக் கைகள் குழந்தையை நோக்கி நீளவேயில்லை.