ஓரத்தில் நிறைய இடம்

என் மனைவியின் அக்கா கணவர், அதாவது என் சகலை, லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைகளில் உட்கார்ந்து பதினோரு வருஷமாக ஒரே நாவலை எழுதிக்கொண்டிருக்கிறார். "எப்ப புத்தகமா வரும்?" என்று யாராவது கேட்டால், "எதுக்கு?" என்பார். 

நானோ அச்சகக்காரன். குடும்பத்தில் ஒருத்தர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ள, நான் விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டிருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

"அவர் பாட்டுக்கு எழுதிட்டுப் போறாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெறும் நாளில் நாவலைப் புத்தகமாகக் கையில் கொடுத்து அசத்திவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, கிரீஸ் கைரேகை பதிந்த நோட்டுகளை அவர் மனைவியே எடுத்துக் கொடுத்தார். டைப் செய்து முடித்தபின்தான் தெரிந்தது, கதைக்கு முடிவே இல்லை. வேறு வழியில்லாமல் புரூஃபை அவரிடமே நீட்டினேன்.

கத்துவார் என்று பயந்தேன். அவர் தாளைத் தடவிப் பார்த்தார்.

"ஓரத்துல நிறைய இடம் விட்டிருக்கீங்களே, சகலை!"

பிழை திருத்த வசதியாக இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

புரூஃப் திரும்பி வந்தபோது ஒரு எழுத்துப் பிழைகூடத் திருத்தப்படவில்லை. ஆனால் முப்பதாம் பக்கத்தில் செத்துப்போன பல் டாக்டர் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அதையும் சேர்த்து இரண்டாவது புரூஃப் எடுத்தேன். டாக்டருக்கு ஒரு தம்பி முளைத்தான். மூன்றாவதில் அந்தத் தம்பி டாக்டரின் மனைவிக்குக் காதல் கடிதம் எழுதினான். நானூறு பக்கம் எழுநூறு ஆயிற்று.

ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மோட்டார் அறைக்கே ஏறிப்போனேன். கருவிப் பெட்டிமேல் புரூஃபை வைத்து, எழுதுவதும் தனக்குத்தானே சிரிப்பதுமாக இருந்தார். நான் வந்ததே தெரியவில்லை. என் தொழிலில் நான் ஒருநாள்கூட அப்படிச் சிரித்ததில்லை. பொறாமையாக இருந்தது. கூப்பிடாமல் இறங்கிவிட்டேன்.

ஆறாவது புரூஃபில் புது ஆள் ஒருவன் வந்தான். எதைக் கேட்டாலும் "நாளைக்கு ரெடி" என்று புளுகும் அச்சகக்காரன்.

"இது யாரு, சகலை?"

"சும்மா கற்பனைதான்," என்றார், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

அந்தப் படுபாவி, டாக்டர் மனைவிக்கு வந்த கடிதத்தைத் திருடி, அச்சடித்து ஊருக்கே கொடுக்கக் கிளம்புகிறான். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே அவன் ஏறிய லிஃப்ட் நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் தாள் தீர்ந்துவிட்டது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஓய்வு பெறும் நாளும் வந்தது. புத்தகத்துக்குப் பதில் ஏழாவது புரூஃபோடு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"முதல்ல அந்த மனுஷனை வெளியே எடுங்க, சகலை!"

"எடுத்தா கடிதத்தை அச்சடிச்சிடுவானே?"

"மாட்டான். கிழிச்சுப் போட்டுடுவான். நான் சொல்றேன்ல!"

 அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப நீங்களே எழுதுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மனைவி போன் செய்து "புத்தகம் என்னாச்சு?" என்று கேட்டபோது, "நாளைக்கு ரெடி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.