இரண்டாவது தாள்

சென்ற ஆண்டு குளிர்காலம், ஒரு வெள்ளிக்கிழமை. பஹ்ரைனில் ஈசா டவுன் அருகே ஒரு மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பாட்டு நிகழ்ச்சி. மூன்று மணிக்குத் தொடக்கம். ஐந்துக்குக் காலி செய்தாக வேண்டும். நிமிடக் கணக்கில் நிரல் போட்டவன் நான்.

இலங்கையில் வானொலி கொடிகட்டிப் பறந்த காலத்தில், பாடிக்கொண்டே அறிவிப்புச் செய்து பேர் வாங்கிய பெரியவர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்தார். அவரையே அறிவிப்பாளராகப் போட்டோம். அதுதான் வினை.

ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் முதல் அடியை அவரே பாடினார். பிறகு அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் ராகம் போட்டு வாசித்தார். நாலரைக்குப் பதினாறு நிமிடம் பின்தங்கிவிட்டோம். கடைசிப் பாட்டைக் கேட்டவர்களோ இரண்டு தாள் நிறைய; எல்லாரும் கம்பெனி விடுதியான கேம்ப்களில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள்.

"ஐயா, பேரெல்லாம் வேண்டாம், பாட்டை மட்டும் சொல்லுங்க."

"பாட்டு எங்கையும் கேக்கலாம் தம்பி. தங்கடை பேரைக் கேக்கத்தானே சனம் அந்தநாளிலை தபாலட்டை போட்டது."

எரிச்சலில் இரண்டாவது தாளை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். முதல் தாளை முடித்தவர், "ரெண்டாந் தாளைக் காணேல்லை, ஆரும் கண்டனீங்களோ?" என்று மைக்கில் மெட்டுப் போட்டே கேட்டார். சபை சிரித்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து மணிக்குச் சரியாக முடிந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

வெளியே கேம்ப் பஸ் பக்கத்தில் சீருடையில் ஒருவர், போனை உயர்த்திப் பிடித்தபடி வந்தார்.

"சார், எம் பேரு வரலியே. டூட்டி மாத்திக்கிட்டு வந்தேன். ஊர்ல எல்லாரும் மூணு மணியிலேர்ந்து லைன்லயே இருக்காங்க."

திரையில் ஒரு சிறுமி, தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தாளை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினேன். "ஓ, தம்பியின்ரை பொக்கற்றிலையோ கிடந்தது!" என்றார், அவ்வளவுதான். பஸ் படியில் ஏறி நின்று தாளிலிருந்த பெயர்களைப் பாடத் தொடங்கினார்.

"யல்லா பாய், ஜல்தி!" என்று டிரைவர் ஹாரன் அடித்தார். அதையும் தாளமாக்கிக்கொண்டார். ஒன்பதாவது பெயர் வந்ததும் போனுக்குள்ளிருந்து ஒரு கூச்சல்: "அப்பா, உம் பேரு!"

பஸ் இருபத்து மூன்று நிமிடம் தாமதம். அன்றைய டைரியில் அதைத்தான் முதலில் எழுதினேன். அதன் கீழே அந்த ஒன்பதாவது பெயரையும் எழுதினேன். பெரியவர் மீது எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை. ஆனாலும் இப்போது நிரல் போட உட்கார்ந்தால் பெயர்களுக்கு முதலில் நேரம் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் பாட்டுக்குத் தருகிறேன்.