வலையில் முளைத்த கோதுமை

எனக்குக் கடற்கரை ஊர் என்றால் ஆகாது. ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து வயல்காட்டுக் குடும்பத்தில் பிறந்து, பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். கல்யாணமான வருஷமே, உப்பு இலாகாவில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரரைப் புன்னக்காயல் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு அது. குடித்தால் உப்பு, குளித்தால் உப்பு, துவைத்துக் காயப்போட்ட சேலையிலும் உப்பு. ஆசையாக நட்ட முருங்கைக் கொம்பு துளிர்க்காமலே பட்டுப்போனது. இந்த ஊரில் எதுவும் முளைக்காது என்று வந்த மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அந்தத் தீர்ப்பைப் பொய்யாக்கியவள் அடுத்த வீட்டு அக்கா. அவள் புருஷன் கரையில் இருக்கும் மாதங்களில் ஆற்றுமுகத்தில் மீன் பிடிப்பார். மற்ற மாதங்களில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் தோணியில் வேலைக்குப் போவார். அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் புராட்டஸ்டண்டுகள். சுரூபம், நேர்ச்சை, மெழுகுதிரி எல்லாம் எனக்கு அந்த வயதில் இளக்காரம். அக்கா வீட்டிலிருந்து மீன்குழம்பு வந்தால் மட்டும் வேதவித்தியாசம் பார்க்க மாட்டேன்.

ஐப்பசியில் தோணி ஏறுவதற்கு முன்னால் அந்த மனிதர் ஒரு சுருக்குப்பை நிறையக் கோதுமையை அக்கா கையில் கொடுத்தார். போன வருஷம் கொழும்பில் ஒரு கோவிலில் கிறிஸ்மஸ் குடிலைப் பார்த்திருக்கிறார். அங்கே கோதுமையை முளைக்க வைத்து, அந்தப் பச்சை நாற்றின் மேல் குழந்தை இயேசுவைக் கிடத்தியிருந்தார்களாம்.

"நம்ம வீட்டுப் பாலனும் இந்த வருசம் பச்சையில கெடக்கணும். நான் வந்து பாக்கணும், என்ன?" என்றார். அக்கா தலையாட்டினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த உப்பு மண்ணில் கோதுமையாவது முளைப்பதாவது என்று மனசுக்குள் சிரித்தேன்.

கோதுமை அப்போது நினைத்தவுடன் கிடைக்கிற சரக்கு இல்லை. திருநெல்வேலியில் அல்வாக் கிண்டுகிறவர்களும் சீக்காளிக்குக் கஞ்சி வைக்கிறவர்களும்தான் வாங்குவார்கள். மழைக்காலத்தில் பாதை எல்லாம் சேறாகிவிட்டால் அதற்கும் வழியில்லை. இருக்கிற கோதுமையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் அக்கா ஆற்றுமணலை எடுத்தாள். ஏழெட்டுத் தண்ணீரில் அலசி, அகலமான சட்டியில் பரப்பி, ஊறவைத்த கோதுமையைத் தூவினாள். தானியம் வீங்கியது, அவ்வளவுதான். அலசிய தண்ணீரே உப்பாயிற்றே! தேங்காய் நாரில் போடலாமே என்றேன். "அது உப்பங்கழியில ஊறின நாருல்லா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் பண்டிகைக்கு அரிசியும் அவலும் கொண்டு எங்கள் அண்ணன் வந்தான். விவசாயத்தில் அவனுக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்பது அவன் எண்ணம். ஊருக்குத் திரும்பியதும், அடுத்த வாரம் எங்கள் பக்கம் வந்த வண்டியில் ஒரு ஓலைப்பெட்டி நிறைய எங்கள் வயல் வண்டலை அனுப்பிவைத்தான், எப்படிப் போட வேண்டும் என்று வண்டிக்காரனிடம் பாடமும் சொல்லி அனுப்பினான். "பயிருன்னா காலடியில தண்ணி நிக்கணும், நாத்தங்கால் மாதிரி." நெல்லைத் தவிர வேறு பயிரைப் பார்த்திராத குடும்பம் எங்களுடையது. கோதுமைக்கும் நாற்றங்கால் போட்டோம். தண்ணீர் நின்றது, கோதுமை அழுகியது, நாற்றம் இரண்டு வீட்டுக்கும் வந்தது. அக்கா அண்ணனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "பெட்டி நல்ல பெட்டி, வச்சிக்கிடுதேன்" என்றாள்.

மூன்றாவதாக வைக்கோலும் காய்ந்த ஆட்டுப்புழுக்கையும். இது முளைத்தது! வெள்ளை வெள்ளையாக ஊசிமுனை போல் முளை கிளம்பியதும் நான்தான் முதலில் கூச்சலிட்டேன். ஆனால் அடைமழை. வீட்டுக்குள் சுவரே வேர்த்துக்கொண்டிருந்த நாட்கள். முளையோடு பூஞ்சணமும் கிளம்பி, பஞ்சு போல மூடி, எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

அந்த மழையோடுதான் புயலும் வந்தது. கரையில் கட்டியிருந்த வள்ளங்களே புரண்டு போயின. கொழும்பிலிருந்து புறப்பட்ட தோணிகளில் மற்றவை தூத்துக்குடி சேர்ந்துவிட்டன. அக்காவின் புருஷன் போன தோணி சேரவில்லை. நாள் போகப்போக, தெருவில் அக்காவிடம் பேசுகிறவர்களின் குரல் தணிந்துகொண்டே வந்தது. நாங்களும் வீட்டில் முழங்காலிட்டு ஜெபம் செய்தோம். 'உமது சித்தப்படியே ஆகட்டும்' என்று என் வீட்டுக்காரர் முடித்தபோது, அக்காவின் புருஷன் செத்துப்போனார் என்று நான் மனசுக்குள் தீர்மானித்தே விட்டேன். எனக்குத் தீர்ப்புச் சொல்வதில் எப்போதும் அவசரம்.

சுருக்குப்பையில் ஒரு பிடி கோதுமை மிச்சமிருந்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சுவர்முளையில் தொங்கிய வலையை இறக்கி, கத்தியையும் எடுத்துக்கொண்டாள்.

அவள் புருஷனின் வலை அது. பருத்தி நூலில் அவரே பின்னியது. நூல் மக்காமல் இருக்க, உடைமரப் பட்டையைக் கொதிக்கவைத்த துவர்ச்சாற்றில் வலையை ஊறப்போடுவது அந்த ஊர் வழக்கம். செம்பழுப்பாக நிறம் ஏறிவிடும்.

"எத்தன மழையில கெடந்தாலும் வலையில பூஞ்சணம் பூக்குமா? பூக்காது. துவர் ஏறின நூலுல்லா" என்றாள் அக்கா.

இதை ஏன் முதலிலேயே நினைக்கவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் மாமியார் ஓடிவந்துவிட்டாள். "ஏளா, ஆம்பள கடல்ல இருக்கையில அவன் வலையில கத்தி வைக்கியே! ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" கிழவி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "வேண்டாம் யக்கா, பைய யோசிப்போம்" என்று நானும் கையைப் பிடித்தேன். அக்கா கையை விடுவித்துக்கொண்டாள். நடுவலையில், கிழிசல் இல்லாத நல்ல இடமாகப் பார்த்து ஒரு பாகத்தை அறுத்தெடுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அறுத்த துண்டை வெளியே கொடியில் போட்டு, நூலில் ஊறியிருந்த உப்பெல்லாம் போகும்வரை மழையில் நனையவிட்டாள். பிறகு பல மடிப்பாக மடித்து, அண்ணனின் ஓலைப்பெட்டியில் அடுக்கி, கடைசிப் பிடியைத் தூவி, மேலே ஈரத்துணி போட்டாள். மழைத்தண்ணீரை விரலால் தெளித்தாள். மிஞ்சிய தண்ணீர் பெட்டி இடுக்கில் தானாக வடிந்தது. மண் இல்லை, உரம் இல்லை. துணியை விலக்கிப் பார்த்த ஒரு காலையில் ஒரே சீராக முளைத்திருந்தது. பூஞ்சணம் ஒரு பொட்டு இல்லை. வெளிச்சம் பட்டதும் பச்சை பிடித்தது. அடடா, அந்தப் பச்சை! எங்கள் வயல்நாற்றில்கூட நான் அப்படி ஒரு பச்சையைக் கண்டதில்லை. வேண்டாம் வேண்டாம் என்றிருந்த எனக்கு அந்த ஊர் அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

கிறிஸ்மஸ் வந்தது. குழந்தை பச்சையில் கிடந்தது. தோணி வரவில்லை. பார்க்க வந்தவர்கள் குடிலைப் பார்த்தார்கள், சுவரில் தொங்கிய நடுப்பாகம் இல்லாத வலையைப் பார்த்தார்கள், போனார்கள்.

ஜனவரி ஆறாம் தேதி வரும் மூன்று ராசாக்கள் திருநாளுக்கு முந்தின நாள் காலை அவர் வந்தார். காற்று தோணியை இலங்கைக் கரையிலேயே எங்கோ ஒதுக்கி, பாய் கிழிந்து, சரிசெய்து கிளம்பத் தாமதமாம். தூத்துக்குடியிலிருந்து கடற்கரையோடு நடந்தே வந்திருந்தார். கிழவி கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை நின்றதும் முதல் காரியமாக மருமகள்மேல் புகார் சொன்னாள்: "ஒன் வலைய அறுத்துப்போட்டா லே!"

அவர் சுவரைப் பார்த்தார். குடிலின் முன் போய் உட்கார்ந்தார். நாற்று ஓரமெல்லாம் மஞ்சளோடியிருந்தது. அதைப் பைய தூக்கிப் பார்த்தார். வேர்கள் வலைக்கண்களுக்குள் புகுந்து பின்னி, நூல் எது வேர் எது என்று தெரியவில்லை.

"நான் வராமப் போயிருந்தா இந்த வலைய வித்துத்தான நீ கஞ்சி குடிக்கணும்? வேற என்ன இருக்கு நம்மட்ட?" என்றார்.

"வராமப் போறவுக வலைன்னா பத்திரமா வச்சிருப்பேன்லா" என்றாள் அக்கா.

நானும் மாமியாரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றோம். அக்கா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "மொதல்ல சாப்பிடுங்க. நூல் முறுக்கி வச்சிருக்கேன், பெறவு உக்காந்து பின்னுங்க."