மேலே சொன்ன அனைத்தும்

என் அக்காவை எங்கள் தெருவில் கிரேன்காரர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாது. கணினியில் பாடம் நடத்துகிறார்கள் அல்லவா, அந்தப் பாடம் முடிந்ததும் நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடு என்று மிரட்டும் பகுதி ஒன்று வருமே, அதை எழுதியவள் அவள்தான். பெயர் வினாப்பெட்டி. திறமூல மென்பொருள்; அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் பாடத்தில் பொருத்திக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், குறை இருந்தால் சொல்லலாம். குறை சொல்லலாம் என்பது பேச்சுக்குத்தான். அவளிடம் குறை சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அவளுடைய மேஜை சலவை இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிறது. இயந்திரம் துணி பிழியும்போது மேஜை ஆடும். அந்த நேரத்தில் அவள் எழுதும் பதில்களில் காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். வீட்டில் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: வினாப்பெட்டியைப் பற்றிச் சாப்பிடும் இடத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. புகார் இருந்தால் உலகத்தில் மற்றவர்கள் எழுதுவது போல இணையத்தில் உள்ள பொதுப் புகார்ப் பட்டியலில் எழுத வேண்டும். கட்டிய கணவனுக்கும் இதேதான்.

கட்டிய கணவன், அதாவது என் மாமா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புத் தேர்வு எழுதி முப்பதுக்கு முப்பது வாங்கினால்தான் மேலே ஏறலாம். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் கோட்டை விட்டால் ஒரு வருடம் தரையில் நின்று பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். இதுவரை தாளில் நடந்த தேர்வு இந்த வருடம் கணினிக்கு மாறியது. மாறியது வினாப்பெட்டிக்கு என்பது முதல் வாய்ப்பில் தோற்ற பிறகுதான் மாமாவுக்குத் தெரிந்தது.

அவரைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேள்வி. சுமையைத் தூக்கும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்? கயிறு, கொக்கி, காற்றின் வேகம், மேலே சொன்ன அனைத்தும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது என்று அக்கா விடைகளின் வரிசையைக் குலுக்கிப் போடும்படி எழுதியிருந்தாள். குலுக்கியதில் ‘மேலே சொன்ன அனைத்தும்’ முதலாவதாக வந்து உட்கார்ந்துகொண்டது. மாமா மேலே பார்த்தார். கேள்வி இருந்தது. அதற்கு மேலே கம்பெனியின் பெயர் இருந்தது. அதற்கும் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யோசித்துவிட்டுக் காற்றின் வேகத்தை அழுத்தினார். தவறு. இரண்டாம் முறை அது இரண்டாவது இடத்தில் வந்தது, அதற்கு மேலே கயிறு மட்டும். கயிறு மட்டும் போதாதே என்று கொக்கியை அழுத்தினார். அதுவும் தவறு.

பயிற்சி அதிகாரியிடம் சொன்னார். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். சாப்பிடும்போது மனைவியிடம் சொல்ல வாயெடுத்தார். அவள் விரலை ஆட்டிச் சட்டத்தை நினைவுபடுத்தினாள்.

ஆகவே மாமா சமையலறையில் உட்கார்ந்து புகார் எழுதினார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ‘மதிப்பிற்குரிய பயனரே’ என்று பதில் வந்தது. இது பிழையல்ல, பயனரின் புரிதல் குறைவு என்று எழுதிப் புகாரை மூடிவிட்டாள். மாமா மறுபடி திறந்தார். அவள் மறுபடி மூடினாள். இப்படிப் பதினொரு தடவை. எங்கெங்கோ இருக்கிற நிரலர்களும் வாத்தியார்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். இந்தப் பயனருக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு டீச்சர் பாராட்டினார். இடையிடையே அக்கா எழுந்து வந்து புகார்தாரருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுப் போவாள் என்பது அந்த டீச்சருக்கு எப்படித் தெரியும்?

கடைசி வாய்ப்பு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை சாப்பிடும்போது நான்தான் பொறுக்காமல் சட்டத்தை மீறினேன். விடைதான் தெரிந்துவிட்டதே, எங்கே இருந்தாலும் அதையே அழுத்திவிட்டு வர வேண்டியதுதானே என்று மாமாவிடம் கேட்டேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கீழ நிக்கிறவன் கையைக் காட்டினா, காட்டினபடிதான் நான் தூக்குவேன். அவன் வேற என்னமோ நினைச்சிருப்பான்னு நானா யோசிச்சுத் தூக்கினா, யாராவது செத்துடுவாங்க. இருபது வருஷமா அப்படித்தான் ஓட்டறேன். ஒரு பரீட்சைக்காக அதை மாத்திக்க முடியாது.”

அக்கா எழுந்து போய்ச் சலவை இயந்திரத்தை நிறுத்தினாள். ‘அனைத்தும்’ என்ற விடை மட்டும் குலுக்கலில் சேராமல் கடைசியிலேயே நிற்கும்படி பன்னிரண்டு வரி எழுதினாள். புதிய பதிப்பும் வெளியிட்டாள். ஆனால் கம்பெனியில் இருந்தது இரண்டு வருடப் பழைய பதிப்பு. மாற்ற மூன்று மாதம் ஆகும் என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. அன்று முழுவதும் அக்கா ஒரு புகாரைக்கூட மூடவில்லை. அவள் அப்படி வாடிப்போய் நான் பார்த்ததே இல்லை. எனக்கு என்னவோ போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, தன்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகும்படி என்னிடம் சொன்னாள். வெளியாட்களைப் பார்க்க நாலு நாள் யோசிப்பவள், பயிற்சி அதிகாரியின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். மாமா தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே ஏற்கெனவே நின்றிருந்தார். நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டார். வினாப்பெட்டியை எழுதியவள் என்றாள். மனைவி என்று சொல்லவே இல்லை.

“இவருக்குப் பதில் தெரியாம இல்ல சார். நான்தான் கேள்வியை ஒழுங்காக் கேக்கல. தப்பு என்னுது. பதிப்பை மாத்த முடியலைன்னா, அந்த ஒரு விடையை மட்டும் ‘இவை மூன்றும்’னு நீங்களே திருத்திடலாம்.”

அதிகாரி மாமாவைப் பார்த்தார். பதினொரு முறை புகார் எழுதிய மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அப்படி ஒரேயடியாத் தப்புன்னு சொல்லிட முடியாது சார். ரொம்ப நல்லா எழுதியிருக்கா. இந்த ஒரு இடத்துலதான் கொஞ்சம் குழப்பம்.”

“தப்புன்னு எழுதினவளே சொல்றேன். நீங்க சும்மா இருங்க.”

“நான் ஏன் சும்மா இருக்கணும்? உலகம் பூரா இதைத்தானே எடுத்துப் பொருத்தியிருக்காங்க?”

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தப்பித்தால் போதும் என்று கேள்வியைத் திருத்திக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் திரையில் முப்பதுக்கு முப்பது என்று வந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். மாமா மட்டும் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, அது தப்பு இல்லை, குழப்பம்தான் என்று அதிகாரியிடம் இன்னொரு தடவை சொல்லிவிட்டு கிரேனில் ஏறப் போனார்.