வெயிலில் காய வைத்த புத்தகங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் நான் காலண்டர் பக்கம் திரும்புவதில்லை. ஊருக்கெல்லாம் அது கோலமும் வெண்பொங்கலும் கோயில் ஒலிபெருக்கியுமாக விடிகிற மாதம். சிறு பதிப்பகம் நடத்துகிறவனுக்கோ எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கிற மாதம். புத்தகக் காட்சிக்காக எல்லாரும் ஒரே சமயத்தில் அச்சகத்துக்கு ஓடுவார்கள். நான் போன் செய்தால் "உங்களுதுதான் சார் ஓடிக்கிட்டிருக்கு" என்பார்கள். பின்னால் எந்த இயந்திரமும் ஓடுகிற சத்தம் கேட்காது.

கும்பகோணத்தில் எங்கள் வீடுதான் பதிப்பகம். காலை ஐந்து மணிக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு தும்மிக்கொண்டே பிழை திருத்த உட்காருவேன். பத்து மணிக்குக் கூரியர் கட்டுகள். மதியம் போன்கள். நானும் எழுத்தாளன்தான். ஆனால் சொந்தமாக ஒரு கதை எழுதி நான்கு வருடம் ஆகிறது. விற்காத புத்தகங்கள் அலமாரிகளை நிறைத்து, பரணில் ஏறி, கட்டிலுக்கு அடியிலும் புகுந்துவிட்டன. "இன்னும் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டீங்கன்னா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுறேன்" என்பாள் மனைவி. பள்ளி ஆசிரியை. சொன்னால் செய்துவிடுவாள் என்பதால் கவிதையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் என் தூக்கத்தைக் கெடுத்தது கவிதை அல்ல. திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி தன் கைப்பிரதியைக் கொடுத்திருந்தார். கிராம சுகாதார செவிலியர். அவருடைய அம்மாவும் அத்தைகளும் அந்த ஊர் வயல்களில் நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுத்தவர்கள். ஊசி போடப் போன வீடுகளைப் பற்றியும் தாம் வளர்ந்த தெருவைப் பற்றியும் பத்து வருடமாக நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உடனே போன் செய்து போடுகிறேன் என்றேன்.

போடவில்லை. ஆடியில் என்றேன், அட்டை ஓவியம் வரவில்லை. தீபாவளிக்கு என்றேன், அச்சகம் காலை வாரியது. இரண்டு முறையும் அவர் தெருவில் எல்லாரிடமும் தேதி சொல்லிவிட்டிருந்தார். "உன்ன எவனோ நல்லா ஏமாத்துறான்" என்று அவருடைய அண்ணன் சொன்னாராம். அதை அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது தேதியை அவரே வைத்தார். காணும் பொங்கலன்று மாலை நான்கு மணி, அவர்கள் தெருவின் சமுதாயக் கூடத்தில். வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் பொங்கலுக்கு ஊரில் இருப்பார்கள். அழைப்பிதழும் அடித்துவிட்டார். இந்த முறையும் தவறினால் அவர் அந்தத் தெருவில் எப்படி நடமாடுவார் என்ற நினைப்பு என்னை அரித்தது. ஒரு சொல்லைக் காப்பாற்றத் தெரியாதவன் எதற்கு அடுத்தவர் எழுத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போகிக்கு ஐந்து நாள் முன்பு புத்தகம் வந்துவிட்டது. முந்நூறு பிரதிகள், இருபது இருபதாகப் பழுப்புத் தாளில் சுற்றிய பதினைந்து கட்டுகள். முகர்ந்து பார்த்தேன், தடவிப் பார்த்தேன், தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. வைக்க இடம்தான் இல்லை. முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தரையிலேயே மூன்று வரிசையாக அடுக்கினேன். கீழே ஒரு பலகை போட்டிருக்கலாம். நெல் மூட்டையை வெறும் தரையில் வைக்கக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். புத்தகத்துக்கு அது தோன்றவில்லை.

"புக்கு வந்துட்டுதா சார்?" என்று அன்றிரவே செவிலியர் போனில் கேட்டார்.

"வந்துட்டும்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு."

"அண்ணன்கிட்ட சொல்லிடவா?"

"தாராளமா சொல்லுங்க."

அதற்கு மறுநாள் மழை பிடித்தது. தை பிறக்கப்போகிற நேரத்தில் என்ன மழை. சம்பா கதிர் முற்றி நிற்கிறது, ஊர் முழுக்கக் கையில் போனை வைத்துக்கொண்டு வானிலை பார்த்தது. வயலைப் பார்த்துக்கொள்கிற தம்பி மணிக்கொரு தரம் போன் செய்து கதிர் சாய்ந்த கதையைச் சொன்னான். நானும் அவனோடு சேர்ந்து நெல்லுக்குக் கவலைப்பட்டேன். மழை விடும்வரை முன்னறைக்குள் போகவே இல்லை.

போகி காலையில் மழை விட்டது. அறைக்குள் காலை வைத்ததும் தரை சில்லென்றது. பழைய வீடு, தரையில் ஓதம் ஏறியிருந்தது. ஜன்னல் கொண்டி சரியாக விழாததால் சாரலும் அடித்திருந்தது. கீழ் வரிசைக் கட்டைத் தூக்கினேன், பழுப்புத் தாள் கையோடு பிய்ந்து வந்தது. மேலே இருந்த மூன்று கட்டுகள் மட்டும் தப்பின. மற்ற இருநூற்று நாற்பதும் ஈரம் குடித்திருந்தன. நனைந்து கூழாகிவிடவில்லை, பக்கங்கள் ஒட்டிக்கொள்ளவும் இல்லை. தொட்டால் ஜில்லென்று, நமத்த முறுக்குபோல் இருந்தன.

வெளியே வெயில் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த வயல்காரன் விழித்துக்கொண்டான். ஈரமா, வெயிலா, அப்புறம் என்ன யோசனை. மொட்டைமாடியில் தார்ப்பாயை விரித்தேன். இருநூற்று நாற்பது புத்தகங்களையும் மூன்று நடையாகச் சுமந்துபோய், நெல்லைப் பரப்புவதுபோல் பரப்பினேன். மணிக்கொரு தரம் ஏறிப்போய்ப் புரட்டிப் போட்டேன். காக்கை வந்தால் விரட்டினேன். காக்கைக்குப் புத்தகத்தில் என்ன வேலை என்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்று மணிக்கு மேலே போனபோது ஈரம் சுத்தமாகப் போயிருந்தது. அட்டைகள் எல்லாம் பொரித்த அப்பளமாக வளைந்து வானத்தைப் பார்த்தன. ஒன்றை அழுத்திப் பிடித்தேன். கையை எடுத்ததும் மறுபடி எழுந்துகொண்டது.

பைண்டருக்குப் போன் செய்தேன்.

"வெயில்லயா போட்டீங்க?" என்றார். "நெழல்ல ஃபேனுக்கு அடியில வச்சு, மேல கனம் ஏத்தணும்ங்க. இப்ப கனம் வச்சுப் பாருங்க. ஓரளவு படியும். பழைய மாதிரி வராது."

பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டில் இருந்த மனைவி மாடிக்கு வந்தாள். ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தாள். "நெல்லு காயப் போடற மாதிரி புஸ்தகத்தக் காயப் போட்ட ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தராத்தான் இருக்கணும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா மனசு ஒடஞ்சிடும்."

"சொல்லாம போனா மட்டும்?"

நான் சொல்லவில்லை. பொங்கலும் மாட்டுப் பொங்கலும் எனக்கு அம்மிக்கல்லோடும் செங்கல்லோடும் போயின. வளைந்த புத்தகங்களை அடுக்கி, மேலே பலகை போட்டு, வீட்டில் இருந்த கனமான எதையும் விடாமல் ஏற்றினேன். பால் பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் வாயளவில் சொன்னேன். செவிலியர் இரண்டு முறை போன் செய்தார். "எல்லாம் ரெடிம்மா" என்றேன் இரண்டு முறையும். காணும் பொங்கல் காலையில் கனத்தை எடுத்துப் பார்த்தால், அட்டைகள் பாதிதான் படிந்திருந்தன.

அப்போதுதான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு ஆறுதல் அடைந்தேன். நல்ல பிரதிகள் அறுபது இருக்கின்றன. தஞ்சாவூரில் பெரிய அரங்கில் வெளியீடு வைத்தாலே பதினைந்து பிரதி போனால் அதிகம். இதுவோ கிராமத்துத் தெரு. பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், யார் புத்தகம் வாங்கப்போகிறார்கள்? இருபது போகும். மீதியை அவர் கையில் கொடுத்துவிடலாம். வளைந்தவற்றை யாரும் பார்க்கவேண்டியதில்லை. இந்த யோசனை வந்ததும் நான்கு நாளில் முதல்முறையாக இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

போகிற வழியில் பாதி ரோட்டில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் வெறுங்காலால் அளைந்துகொண்டே நடந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

கூடம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். செவிலியர் பச்சைப் பட்டுப்புடவையில் இருந்தார். அண்ணன் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்து, "வாங்க சார், தப்பா நெனச்சுட்டேன் ஒங்கள" என்றார். செவிலியரின் அம்மாவோடு நடவு நட்ட ஒரு பாட்டியம்மா முதல் பிரதியை வாங்கினார். கை தட்டல் அடங்குவதற்குள் பிரதிகள் வைத்திருந்த என் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"எங்க அத்த இதுல வருதாம்ல, எந்தப் பக்கம்?" என்று ஒருவர் கேட்டார். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த ஒருவர் நான்கு பிரதி எடுத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், "எம்புள்ள படிச்சுச் சொல்லுவான், ஒண்ணு குடுங்க" என்றார். சென்னையில் கணினி வேலையில் இருக்கிற இளைஞர்கள் அறைத் தோழர்களுக்கும் சேர்த்துக் கேட்டார்கள். அந்தப் புத்தகத்தில் வராத குடும்பமே அந்தத் தெருவில் இல்லை. நான்கு தடவை வாசித்தவன் நான், எனக்கு அது உறைக்கவே இல்லை. இருபது நிமிடத்தில் அறுபதும் தீர்ந்தன. வரிசை அப்படியே நின்றது.

செவிலியர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "மிச்சக் கட்டெல்லாம் வண்டியிலயா சார்? தம்பிங்கள எடுத்தாரச் சொல்லவா?"

"இல்லம்மா. இவ்வளவுதான் கொண்டாந்தேன்."

"முந்நூறுன்னு சொன்னீங்களே."

சொல்லிவிட்டேன். ஓதம், சாரல், மொட்டைமாடி, வெயில் எல்லாவற்றையும். அட்டை வளைந்ததை அவர் பார்த்தால் மனம் நோகும் என்று விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பதற்றத்தில், "இங்க இவ்வளவு போகும்னு நான் எதிர்பார்க்கலம்மா" என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் வரிசையில் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நனைஞ்ச நெல்லத்தான் சார் எங்க அம்மாவுக்குக் கூலியா அளப்பாங்க. காஞ்சது நெலத்துக்காரங்க பத்தாயத்துக்குப் போயிடும். அம்மா ஈரத்தக் கொண்டாந்து வாசல்ல காய வச்சு, அதத்தான் குத்திக் கஞ்சி காச்சுவாங்க. நாங்க ஒண்ணும் கொட்டிடல." குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "அது புஸ்தகத்துலயே இருக்கே சார். நீங்கதானே புரூஃப் பாத்தீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மைக்கை வாங்கி, "மத்த புஸ்தகம் நாளைக்குக் காலையில வந்துடும், மழையில கொஞ்சம் நனைஞ்சிடுச்சாம், எல்லாரும் பேரு குடுத்துட்டுப் போங்க" என்றார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு நோட்டில் வரிசையாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் செங்கல்லையும் அம்மிக்கல்லையும் இறக்கி வைத்துவிட்டு, இருநூற்று நாற்பதையும் மனைவியும் நானும் கட்டுக் கட்டாகக் கட்டினோம். சுற்றத் தாள் போதவில்லை. மேசைக்கு அடியில் கிடந்த பழைய பிழைதிருத்தப் படிகளை இழுத்தேன். அவருடைய படியும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தைத் தேடினேன். கூலி நெல், ஈரம், வாசல், கஞ்சி எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தன. பத்தியின் ஓரத்தில், என் கையெழுத்தில், சிவப்பு மையில், "அருமை" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தேன்.